450 வாட் எண்டு எழுதியிருந்தது

விளையாடும்போது மட்டும் நிண்டுபோகிற ஒரு கொம்பியூட்டரைப் பற்றி எல்லாரிட்டையும் ஒரு தீர்ப்பு இருக்கும். அம்மாவைக் கேட்டால், "கேம் விளையாடி விளையாடித்தான் பழுதாப் போச்சு" என்பா. பக்கத்து வீட்டு அண்ணை "வைரஸ்" என்பார். ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினால், பத்து நிமிசம் போட்டுப் பார்த்துவிட்டு, "மதர்போட் போச்சு தம்பி. புரொசெசரும் ராமும் சேர்த்து மாத்தவேணும், ஒரு 85,000 மட்டில வரும்" என்பார்கள். எங்களுக்கு இந்த மூன்று தீர்ப்பும் ஒரே கிழமைக்குள் கிடைத்தன. மூன்றுக்கும் பொதுவாக ஒரு விசயம் இருந்தது. ஒருவரும் ஒன்றையும் அளந்து பார்க்கவில்லை.

நாங்கள் என்றால் மூன்று பேர். பருத்தித்துறையில், தும்பளைப் பக்கம், ஒரே ஒழுங்கை. இரண்டு பேர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடம். ஒருத்தி வரலாறு, ஒருத்தன் சமூகவியல். மற்றவன் ஏ.எல். முடித்துவிட்டு ரிசல்ட் பார்த்துக்கொண்டு இருக்கிறவன். கொம்பியூட்டர் எங்கட இல்லை. எங்களோட படிச்ச நாலாவது ஆள் ரொறன்ரோவுக்குப் போகும்போது விட்டுவிட்டுப் போனது. "வைச்சு விளையாடுங்கோ, விக்காதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனான். பகலில் அதில்தான் எங்கட ஆய்வுக்கட்டுரைகள் ரைப் ஆகும். பின்னேரத்தில் அதில்தான் அவன் வருவான்.

அவனுக்கு அங்கே இரவு வேலை. காலமை வீட்டை வந்து, சாப்பிட்டு, படுக்கப் போகமுதல் ஒரு இரண்டு மணித்தியாலம் எங்களோட ஜிடிஏ 5 விளையாடுவான். அங்கே காலமை 9 மணி என்றால் கோடை நேரத்தில் எங்களுக்குப் பின்னேரம் 6.30. விளையாட்டு ஒரு சாட்டு. கார் ஓடிக்கொண்டே கதைப்பம். போன் எடுத்தால் "என்ன சாப்பிட்டனி, சுகமா இருக்கிறியா" என்பதோடு முடிகிற கதை, ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு கார் ஓடும்போது எங்கேயோ போகும். அந்த நேரத்தில்தான் மொனிட்டர் கறுப்பாகும். நீலத்திரை வராது, எச்சரிக்கை வராது. டப்பெண்டு நிண்டு, திரும்பத் தானாக ஓன் ஆகும். நாங்கள் திரும்ப உள்ளுக்குப் போக நாலு, ஐந்து நிமிசம். அதற்குள் பாதி நாள் அவன் படுக்கப் போயிருப்பான்.

ஒருநாள் அவன், "நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும், வீட்டை சொல்லாதேங்கோ" என்று தொடங்கினான். நிண்டுபோச்சு. திரும்பப் போனபோது அவன் ஓஃப்லைன். அடுத்தநாள் கேட்டால், "ஒண்டுமில்லையடா, சும்மா" என்றான். அண்டைக்குத்தான் இதை நாங்களே பார்ப்பதென்று முடிவெடுத்தோம். 85,000 ரூபா எங்களிடம் இருக்கவும் இல்லை.

"ஆர்ட்ஸ் படிக்கிற பிள்ளையளுக்கு உதென்னெண்டு விளங்கும்" என்ற கதை உடனே வந்தது. கலைப்பீடத்தில் எங்களுக்குச் சொல்லித்தருகிறதே ஆதாரத்தை எப்படிச் சேர்ப்பது, எதை எவ்வளவு நம்புவது என்பதுதான். அதைத்தான் செய்தோம்.

முதல் வேலை, ஒரு சீ.ஆர். கொப்பி. நிண்டுபோன ஒவ்வொரு தடவையும் திகதி, நேரம், என்ன விளையாடினோம், தொடங்கி எவ்வளவு நேரம், வீட்டில் வேறென்ன ஓடியது என்று எழுதினோம். இரண்டு கிழமையில் 19 பதிவு. அதில் 14 பின்னேரம் 6.30 க்கும் 9.30 க்கும் இடையில். "அப்ப பின்னேரத்திலதான் பிரச்சினை" என்று ஒருத்தன் சொல்ல, வரலாறு படிக்கிறவள் மறித்தாள். "நாங்கள் கூட விளையாடுறதே பின்னேரத்திலதானே?" சரியான கேள்வி. விளையாடிய நேரத்தையும் கூட்டிப் பார்த்தோம். பின்னேரங்களில் 21 மணித்தியாலம் விளையாடி 14 தடவை. அதாவது ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா. மற்ற நேரங்களில் 15 மணித்தியாலம் விளையாடி 5 தடவை. மூன்று மணித்தியாலத்துக்கு ஒருக்கா. ஆக, பின்னேரத்தில் இரண்டு மடங்கு. பின்னேரத்துக்கு இதில் ஏதோ ஒரு பங்கு இருக்கு. ஆனால் பகலிலும் நிக்குது என்பதால் அது மட்டும் காரணமாக இருக்க ஏலாது.

இரண்டாவது சாட்சி விண்டோஸ். அதில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒன்று இருக்கிறது. கொம்பியூட்டருக்கு நடந்ததையெல்லாம் எழுதி வைக்கிற நாட்குறிப்பு மாதிரி. ஒவ்வொரு தடவை நிண்ட பிறகும் அதில் 'கேர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு விழுந்திருந்தது. பார்க்கப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி இருக்கும். உண்மையில் அது சொல்வது, "போனமுறை நான் ஒழுங்காக மூடப்படாமல் நிண்டுபோனேன்" என்பதை மட்டும்தான். திரும்ப எழும்பின பிறகு எழுதுகிற பதிவு அது. ஏன் விழுந்தது என்று அதற்கும் தெரியாது. ஆனால் அதற்குள்ளேயே 'பக்செக் கோட்' என்று ஒரு வரி உண்டு. எங்கட பதிவுகள் எல்லாத்திலும் அது 0. டிரைவரோ ராமோ பிழைத்து நீலத்திரை வந்திருந்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் ஒரு எண் விழுந்திருக்கும், நினைவகக் குறிப்புக் கோப்பு ஒன்றும் மிஞ்சியிருக்கும். எங்களுக்கு இரண்டும் இல்லை. விண்டோசுக்கு எழுதக்கூட நேரம் கிடைக்காமல் போயிருக்கு. அப்படி நடக்க முக்கியமாக இரண்டு வழி. ஒன்று, சூடு கூடிப் பாதுகாப்புக்காக மெசினே தன்னை நிப்பாட்டுவது. மற்றது, கரண்ட் போதாமல் போவது.

சூட்டை முதலில் பார்த்தோம், ஏனென்றால் அதுக்குக் காசு தேவையில்லை. 'எச்டபிள்யூஇன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் வெப்பநிலையை ஒவ்வொரு இரண்டு செக்கனுக்கும் கோப்பில் எழுதும். நிண்டுபோன பிறகு கடைசி வரியைப் பார்த்தால், அந்த நேரத்துச் சூடு தெரியும். புரொசெசர் 88 பாகை, விஜிஏ 79. எங்கட மாதிரி இன்டெல் புரொசெசர் தன்னைக் காப்பாற்றத் தொடங்குவது 100 பாகைக்குக் கிட்ட. 88 கூடத்தான், ஆனால் நிண்டுபோகிற அளவில்லை.

இருந்தாலும் கேசிங்கைத் திறந்தோம். கடலுக்குக் கிட்ட இருக்கிற ஆக்களுக்குத் தெரியும், எங்கட தூசு மற்ற ஊர்த் தூசு மாதிரி இல்லை. வாடைக்காற்று அடிக்கிற மாதங்களில் யன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேற் கொண்டி எல்லாத்திலும் உப்புப் படியும். உப்பு ஈரத்தை இழுக்கும். ஈரமான உப்புத் தூசுக்கு ஊடாகக் கரண்டும் கசியும், உலோகமும் அரிக்கும். உள்ளே ஃபானுக்குக் கீழே அந்தத் தூசு கம்பளி மாதிரிப் படுத்திருந்தது. பெயின்ற் பிரஷால் தட்டி எடுத்தோம். ராமைக் கழற்றி, அதின்ர பொன்னிறத் தொடுகைகளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தோம். புரொசெசருக்குப் புது தேர்மல் பேஸ்ட் வைத்தோம். அடுத்தநாள் விளையாடும்போது புரொசெசர் 71 பாகை. 17 பாகை குறைஞ்சிட்டுது. அண்டைக்குப் பின்னேரம் இரண்டு தடவை நிண்டது. சூடு என்ற பேரைக் கொப்பியில் வெட்டினோம்.

ராமையும் விடவில்லை. 'மெம்டெஸ்ட்86' ஐ ஒரு பென்டிரைவில் போட்டு இரவு முழுக்க ஓடவிட்டோம். நாலு சுற்று, ஒரு பிழையும் இல்லை. அதையும் வெட்டினோம்.

பிறகு செய்த சோதனைதான் எங்களுக்குப் பிடிச்சது. விளையாட்டு என்பது புரொசெசரையும் விஜிஏயையும் ஒரே நேரத்தில் வேலை வாங்குகிற ஒன்று. அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் என்ன? 'பிரைம்95' புரொசெசரை மட்டும் முழுசாக வேலை வாங்கும். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டோம்; ஒன்றும் நடக்கவில்லை. 'ஃபர்மார்க்' விஜிஏயை மட்டும் வேலை வாங்கும். இருபது நிமிசம், அதற்கும் ஒன்றும் இல்லை. கடைசியாக இரண்டையும் ஒன்றாகப் போட்டோம். தட்டை வடைப் பையைத் திறந்து ஒன்றை வாயில் வைக்கவில்லை, நிண்டிட்டுது. 40 செக்கன். திரும்பப் போட்டோம், 55 செக்கன். இரண்டு பேரும் தனித்தனியே சுகம். சேர்ந்து நிண்டால் மட்டும் விழுகிறார்கள். அப்படியென்றால் பிரச்சினை இரண்டு பேருக்கும் சோறு போடுகிற இடத்தில்.

அது பவர் சப்ளை. கேசிங்கோடு சேர்ந்து வந்த பெட்டி. பக்கத்தில் ஒட்டின லேபிளில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. புரொசெசர் ஐ5-8400, அதின்ர கணக்கு 65 வாட், முழு வேலையில் அதையும் தாண்டும். விஜிஏ ஜிடிஎக்ஸ் 1060, 120 வாட். ஹார்ட் டிஸ்க், ஃபான், மதர்போட் எல்லாம் ஒரு 30 என்று வைத்தாலும் 230 மட்டில்தான் வருது. 450 இருக்கும்போது 230 க்கு ஏன் மூச்சு வாங்குது?

பதில் அதே லேபிளில், சின்ன எழுத்தில் இருந்தது. பவர் சப்ளை ஒன்று 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று தனித்தனி வழிகளில் கரண்ட் கொடுக்கும். இந்தக் காலத்துப் புரொசெசரும் விஜிஏயும் கிட்டத்தட்ட முழுசாக 12 வோல்ட் வழியைத்தான் நம்பி இருக்கு. எங்கட லேபிளில் 12 வோல்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12 ஐ 18 ஆல் பெருக்கினால் 216. மிச்ச வாட் எல்லாம் எங்களுக்குத் தேவையில்லாத வழிகளில். பெரிய எழுத்துத் தலைப்பு, சின்ன எழுத்து உண்மை. பத்திரிகை வாசிக்கிற ஆக்களுக்கு இது புதிசில்லை. இதுக்கு மேல், விஜிஏ எப்பவும் ஒரே அளவாக இழுக்காது. மில்லி செக்கன் கணக்கில் திடீரெண்டு கூட இழுத்து விடும். 216 இன் விளிம்பில் நிக்கிற பெட்டிக்கு அந்த ஒரு இழுவை போதும்.

அப்ப பின்னேரம்? அதுக்குச் சித்தப்பா வந்தார். அவர் வயரிங் வேலை செய்கிறவர், மல்டிமீற்றர் அவரிடம்தான் இருந்தது. காலமை 10 மணிக்குச் சுவர் பிளக்கில் அளந்தார்: 228 வோல்ட். இரவு 7.30 க்கு அளந்தார்: 204. எங்கட வீடு ஒழுங்கையின்ர கடைசி. "வயர் நீள நீள, இழுவை கூடக் கூட, கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் குறையும். எல்லாரும் ஃபான், லைற், ரீவி எல்லாம் ஒண்டாப் போடுற நேரம் உது" என்றார். பவர் சப்ளைக்குள்ளே ஒரு பெரிய கப்பாசிட்டர் இருக்கிறது. கரண்ட் கண்சிமிட்டுகிற அளவுக்கு அறுந்தால், அதுதான் சேமித்து வைத்ததைக் கொடுத்துத் தாங்கும். அது சேமிக்கிற சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு போகும். 230 இல் இருந்து 200 க்கு இறங்கினால், சேமிப்பு ஏறக்குறைய காற்பங்கு குறையும். பகலில் தாங்கின ஒரு சிமிட்டலை இரவில் தாங்காது.

"சிமிட்டல் எங்கையிருந்து வருது?" என்று கேட்டோம். சித்தப்பா கொப்பியை வாங்கிப் பார்த்தார். 'வீட்டில் வேறென்ன ஓடியது' என்ற நிரலில் எட்டு இடத்தில் 'கிணத்து மோட்டர்' என்று இருந்தது. "நீங்கள் விளையாடுங்கோ, நான் மோட்டரைப் போடுறன்" என்று சொல்லிவிட்டுப் பின்னால் போனார். ஒருத்தன் விளையாடினான், ஒருத்தி மல்டிமீற்றரைப் பார்த்துக்கொண்டு நிண்டாள். மோட்டர் 'ம்ம்ம்' என்று தொடங்கின அந்தக் கணம் மீற்றர் 204 இல் இருந்து 187 க்கு விழுந்து ஏறியது. மொனிட்டர் கறுப்பு. மோட்டர் ஒன்று தொடங்குகிற அந்தக் கணத்தில், ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு கரண்டை இழுக்கும். மூன்றாம் தடவை செய்தபோதும் அதே. அம்மா குசினியில் இருந்து, "தண்ணி ராங்கி நிரம்பி வழியுது, என்ன விசர் வேலை செய்யிறியள்" என்று கத்தினா.

சித்தப்பா இன்னொன்றையும் கண்டுபிடித்தார். கேசிங்கில் வெறும் கால் நிலத்தில் பட நிண்டு கை வைத்தால் மெல்லிசாகச் சுள்ளென்கும். அதை நாங்கள் 'கொம்பியூட்டர் எண்டால் அப்படித்தான்' என்று நினைக்கிற ஊர். அப்படியில்லை. பவர் சப்ளை தன் உள்ளிரைச்சலை எர்த்துக்கு அனுப்புகிறது. எர்த் இல்லாவிட்டால் அது கேசிங்கிலேயே நிக்கும். எங்கட பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் இருந்த அடப்டரில் எர்த் தொடுகவே இல்லை. நிண்டுபோவதற்கு இது காரணமில்லை, ஆனாலும் அதை முதலில் மாற்றச் சொன்னார். மாற்றினோம்.

வேலை முடிஞ்ச பிறகு தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, "இந்தக் கார்ட் எத்தினை வாட் எண்டனீங்கள்?" என்று கேட்டார். 120 என்றோம். சிரித்தார். 1990 இல் குடாநாட்டுக்குக் கரண்ட் நிண்டபோது அவர் பள்ளிக்கூடப் பெடியன். பொருளாதாரத் தடையில் பற்றரியும் இல்லை, மண்ணெண்ணெயும் அளந்துதான். செய்தி கேட்கச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ ஓடவிட்டார்கள். சைக்கிள் டைனமோ ஒன்று சாதாரணமாக 6 வோல்ட், 3 வாட். "அப்ப உங்கட கார்டுக்கு மட்டும் நாப்பது சைக்கிள் கவிக்கவேணும். ஒழுங்கை முழுக்க வந்து பெடல் சுத்தினால்தான் நீங்கள் கார் ஓடலாம்." 

நாங்கள் பிறந்தபோது கரண்ட் இருந்தது. எங்களுக்குத் தெரிந்த பெரிய இருட்டு 2022 மார்ச் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணித்தியால மின்வெட்டு. பிறகு 2025 பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதால் நாடு முழுக்க இருண்டது என்று அமைச்சர் சொன்ன நாள். அண்டைக்கு எல்லாரும் மீம் போட்டோம். சித்தப்பாவின் தலைமுறைக்குக் கரண்ட் என்பது கையால் சுற்றி எடுத்த ஒன்று. எங்களுக்கு அது சுவரில் இருந்து வருகிற ஒன்று. சுவரில் இருந்து வருவதையும் அளக்கலாம் என்பதை அவரிட்டை இருந்துதான் எடுத்தோம்.

திருத்தம் நீளமான கதையில்லை. முதலில் காசில்லாத வழி: 'ஆஃப்டர்பேர்னர்' மென்பொருளில் விஜிஏயின் பவர் எல்லையை 70 வீதமாக இறக்கி, ஃபிரேமை 60 க்குக் கட்டினோம். பகலில் நிண்டுபோவது முழுசாக நிண்டது, இரவில் குறைஞ்சது. கணக்குச் சரி என்பதற்கு அது இன்னொரு சாட்சி. பிறகு ஒரு சிநேகிதனிடம் இரண்டு நாளைக்கு நல்ல பவர் சப்ளை ஒன்றை இரவல் வாங்கினோம். அதுவும் 450 வாட்தான். ஆனால் 12 வோல்ட் வழியில் மட்டும் 36 ஆம்பியர், அதாவது 432 வாட். வேறொன்றையும் தொடவில்லை, பெட்டியை மட்டும் மாற்றி, விஜிஏயின் பவர் எல்லையையும் பழையபடி 100 க்கு ஏற்றினோம். பிரைம்95 உம் ஃபர்மார்க்கும் சேர்த்து ஒரு மணித்தியாலம், சுகம். இரவு 7.30 க்குச் சித்தப்பா மோட்டரைப் போட்டார். லைற் மங்கி எழும்பியது, கார் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த மாதம் மூன்று பேரும் காசு சேர்த்து, 17,500 ரூபாவுக்கு எங்களுக்கென்று ஒன்று வாங்கினோம்.

ரொறன்ரோக்காரன் சொல்லவந்ததைப் பத்து நாள் கழித்துச் சொன்னான். படிப்பை விட்டுவிட்டானாம், பீஸ் கட்ட ஏலாமல், இரண்டு செமஸ்டருக்கு முதலே. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. ஒன்றரை மணித்தியாலம் கதைத்தான். காரை ஒரு கடற்கரையில் நிப்பாட்டிவிட்டு நாலு பேரும் ஒன்றும் செய்யாமல் நிண்டோம். நடுவில் ஒருக்கா மோட்டர் ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை. அவனுக்கு நாங்கள் பெரிதாக ஒரு தீர்வும் சொல்லவில்லை. கேட்டோம், அவ்வளவுதான். அதற்காகவாவது அந்தப் பெட்டி 17,500 பெறும்.

உங்கட வீட்டு மெசினும் இப்படிச் செய்தால், கடைக்குத் தூக்கமுதல் ஒரு கிழமை எழுதி வையுங்கோ. நீலத்திரை வருதா, சும்மா நிக்குதா என்று பாருங்கோ. சூட்டைக் கோப்பில் பதியுங்கோ. புரொசெசரையும் விஜிஏயையும் தனித்தனியாகவும் சேர்த்தும் ஓடவிடுங்கோ. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கோ. இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். பவர் சப்ளையின் லேபிளில் 12 வோல்டுக்கு நேரே உள்ள ஆம்பியரைப் பெருக்கிப் பாருங்கோ. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் திறக்காதேங்கோ. கரண்டைக் கழற்றின பிறகும் உள்ளே கப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் நிக்கக்கூடும். சுவர் பிளக்கை அளக்கிறதும் வேலை தெரிஞ்ச ஒருவர் செய்யவேண்டியது.

தும்பளைப் பக்கம் இருக்கிற ஆக்கள் எண்டால் எங்களிட்டைச் சொல்லுங்கோ. சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வாறம். தேத்தண்ணி மட்டும் போட்டு வையுங்கோ.